அந்த வெள்ளை டேய்சி எது? முதலில் பூவைத் திருப்பிப் பாருங்கள்

தம்பி ஒருவர் படங்களோடு எழுதிக் கேட்டிருப்பது இதுதான். ஜூலை கடைசியில் அலுவலக நண்பர்களோடு சுவிட்சர்லாந்து போயிருக்கிறார். ஸெர்மாட்டிலிருந்து கோர்னர்கிராட் மலை ரயிலில் உச்சிக்குப் போய்விட்டு, இறங்கும்போது ரோட்டன்போடன் நிலையத்தில் இறங்கி ரிஃபல்பெர்க் வரை நடந்திருக்கிறார். வழியில் மஞ்சள் நடுவும் வெள்ளை இதழுமாகச் சின்னதாய் ஒரு பூ. நாலு படம் எடுத்தார். ஒரு ஆப் அதை ஆக்ஸ்-ஐ டேய்சி என்றது, இன்னொன்று சாதாரண புல்வெளி டேய்சி என்றது. மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கும் அவருடைய அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "இது கேமரன் மலையில விக்கிற செவ்வந்திதானே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாராம். மூன்றில் எது சரி? விதை வாங்கி வந்து வாசலில் போட்டால் முளைக்குமா? இதுதான் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தம்பி, உங்கள் பூ லூக்காந்தெமாப்ஸிஸ் அல்பினா. ஜெர்மன் பேசும் சுவிஸ்காரர்கள் அல்ப்பென் மார்கெரிட்டே என்பார்கள். 1753-ல் செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைத்த ஸ்வீடன்காரர் லின்னேயஸ் இதற்குக் கிரிசாந்திமம் அல்பினம் என்று பெயர் வைத்தார், பிறகு வந்தவர்கள் வேறு பேரினத்துக்கு மாற்றினார்கள். ஆக இரண்டு ஆப்பும் தவறு, அம்மா பாதி சரி. அம்மா எப்படிப் பாதி சரி என்பதற்குக் கீழே வருகிறேன்.

நான் பேராசிரியர் இல்லை. செம்பனைத் தோட்டத்தில் 30 வருஷம் கண்டக்டராக இருந்தவன். பஸ் கண்டக்டர் இல்லை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் காட்டைச் சுற்றுகிற கண்டக்டர். களையைப் பெயர் சொல்லிக் கண்டுபிடிக்கத் தெரியாவிட்டால் அந்த வேலையில் காலம் தள்ள முடியாது. களை தப்பினால் மருந்து தப்பும், மருந்து தப்பினால் மறுமாதம் மானேஜர் முன்னால் நிற்க வேண்டும். அப்படி ஒட்டிக்கொண்ட பழக்கம் வேலையை விட்ட பிறகும் போகவில்லை. மகன் பெர்ன் நகரத்தில் வேலைக்குப் போனதால் இரண்டு கோடைக்காலம் ஆல்ப்ஸில் அலைகிற வாய்ப்பும் கிடைத்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டேய்சியை அடையாளம் காண்பதும் தோட்டத்தில் களையை அடையாளம் காண்பதும் ஒரே வித்தைதான். பூவின் முகத்தைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். அதைத் திருப்பி, முதுகையும் தண்டையும் இலையையும் பார்க்க வேண்டும்.

உங்கள் நாலு படத்தில் மூன்று, பூவுக்கு நேர் மேலே போனைப் பிடித்து எடுத்தவை. பார்க்க அழகு, ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. ஆப் குழம்பியதும் அதனால்தான். நடுவில் மஞ்சள், சுற்றி வெள்ளை என்று இருக்கும் பூக்கள் ஆல்ப்ஸில் ஒரு டஜனுக்கு மேல். மூன்றாவது படம் மட்டும் கை தவறியதுபோல் பக்கவாட்டில் விழுந்திருக்கிறது. தண்டு தெரிகிறது, அடியிலை தெரிகிறது, பூவின் கீழ்ப்பக்கத்தில் கறுப்புக் கோடுகூடத் தெரிகிறது. பதில் அந்த ஒரு படத்திலிருந்து வந்ததுதான்.

டேய்சி என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள சுவிட்சர்லாந்து போக வேண்டாம். சுங்கை சிப்புட் ரயில் நிலையப் பக்கம் புல் வெட்டாமல் கிடக்கிற இடத்துக்குப் போங்கள். தரையோடு படர்ந்து, ஒரு சாண் நீளக் காம்பைத் தூக்கி, நுனியில் ஒற்றைப் பூ வைத்திருக்கும் ஒரு செடி இருக்கும். நம்மவர்கள் வெட்டுக்காயப்பூண்டு என்பார்கள், கிணற்றடிப்பூண்டு என்றும் சொல்வதுண்டு. அரிவாள் பட்ட விரலில் இதன் இலையைக் கசக்கிப் பிழிந்து கட்டியவர்கள் தோட்டத்தில் நிறையப் பேர். அதில் ஒரு பூவைப் பறித்து வந்து வெள்ளைத் தட்டில் வைத்து ஊசியால் பிரித்துப் பாருங்கள். வெளியே வெளிறிய மஞ்சளில் ஐந்து இதழ் இருக்கும், ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல். ஒன்றைப் பிடித்து இழுத்தால் தனியாக வரும். அதன் அடியைப் பார்த்தால் அது இதழ் மட்டும் இல்லை, அதுவே ஒரு முழுப் பூ என்பது தெரியும், சின்னச் சூலகத்தோடு இருக்கும். நடுவிலுள்ள மஞ்சள் பொட்டைக் கிளறினால் குட்டிக் குட்டிக் குழாய்கள் பத்துப் பதினைந்துக்கு மேல் உதிரும். ஒவ்வொரு குழாயும் ஒரு பூ.

ஆக நாம் பூ என்று சொல்வது ஒரு கொத்து. வெளியே நாக்கு மாதிரி நீண்டிருப்பவை கதிர்ப்பூ, உள்ளே இருப்பவை வட்டுப்பூ. எல்லாவற்றையும் அடியிலிருந்து ஏந்திப் பிடிக்கிற பச்சைக் கிண்ணம் பூவடிச் செதில்களால் ஆனது. சூரியகாந்தி, சாமந்தி, கரிசலாங்கண்ணி, உலாம் ராஜா, செம்பனை மேல் ஏறி மூச்சடைக்க வைக்கிற மைக்கேனியா எல்லாம் இந்தக் குடும்பம்தான். உலகத்தில் பூக்கும் செடிகளில் மிகப் பெரிய குடும்பங்களில் ஒன்று, 20,000 இனங்களுக்கு மேல்.

இது தெரிந்துவிட்டால் முதல் சந்தேகம் தீரும்: பார்ப்பது டேய்சி வகைதானா? ஆல்ப்ஸில் டிரையாஸ் ஆக்டோபெட்டலா என்று ஒரு செடி பாறையோடு பாய் விரித்த மாதிரி படரும். வெள்ளை இதழ், மஞ்சள் நடு. தூரத்தில் பார்த்தால் டேய்சி என்றுதான் தோன்றும். கிட்டே போனால் இதழ் பெரும்பாலும் எட்டுத்தான், அகலமாக இருக்கும், நடுவில் இருப்பது மகரந்தத் தாள்களின் கூட்டம். தாள்கள் காற்றில் ஆடும். டேய்சியின் நடுப்பொட்டு ஆடாது, கெட்டியாக மெத்தைபோல் இருக்கும். டிரையாஸ் ரோஜாக் குடும்பம். அனிமோன், ரனன்குலஸ் வகைகளும் இதே மாதிரி ஏமாற்றுபவைதான், அவற்றிலும் நடுவில் தாள்கள்தான்.

இரண்டாவது சோதனை பால்மரக்காட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லியே தர வேண்டாம். காம்பைக் கிள்ளினால் பால் வருகிறதா? வந்தால் அது டேன்டிலயான் கூட்டம். அதில் நடு, ஓரம் என்ற பிரிவே கிடையாது, எல்லாமே நாக்கு வடிவப் பூக்கள், பெரும்பாலும் மஞ்சள். அந்தக் கூட்டத்தில் கசகஸ்தான் மலையில் விளைகிற ஒரு டேன்டிலயானின் வேரில் நிஜமான ரப்பரே இருக்கிறது. 1930-களில் கண்டுபிடித்து சோவியத் நாட்டில் பயிரிட்டார்கள். 1942-க்குள் மலாயாவும் ஜப்பான்காரன் கைக்குப் போய், நம் ரப்பர் கிடைக்காமல் போனபோது அமெரிக்காவிலும் அதைப் போட்டுப் பார்த்தார்கள். கால் இஞ்சு மரப்பட்டையைக் கத்தியால் சீவிப் பால் எடுத்த நம் தாத்தாக்களுக்குப் போட்டியாக ஒரு புல்வெளிப் பூ! போர் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் அந்தப் போட்டி மங்கிப்போனது.

சரி, உங்கள் பூவுக்கு வருவோம். பால் இல்லை, மகரந்தத் தாள் கூட்டம் இல்லை, வெள்ளைக் கதிர், மஞ்சள் வட்டு. அப்படியென்றால் போட்டியில் நிற்பவர்கள் முக்கியமாக நாலு பேர். 

முதலாவது பெல்லிஸ் பெரென்னிஸ், ஐரோப்பாவில் வீட்டுப் புல்தரையெல்லாம் கிடக்கிற சின்ன டேய்சி. ஆங்கிலத்தில் டேய்சி என்ற சொல்லே பழைய ஆங்கிலத்தில் 'பகலின் கண்' என்று பொருள்படும் தொடரிலிருந்து வந்தது, ராத்திரியில் இதழை மூடிக்கொள்ளும் இந்தச் செடியைப் பார்த்து வைத்த பெயர். ஜெர்மன்காரர்கள் இதை வாத்துப்பூ என்கிறார்கள். இதன் தண்டில் ஒரு இலைகூடக் கிடையாது. எல்லா இலையும் தரையில் ரோஜா வடிவில் ஒட்டிக் கிடக்கும், ஒவ்வொன்றும் சின்ன ஸ்பூன் மாதிரி. கதிர்களின் நுனியில், முக்கியமாக அடிப்பக்கத்தில், பல நேரம் ஒரு இளஞ்சிவப்புப் பூச்சு இருக்கும். 

இரண்டாவது, ஆப் சொன்ன ஆக்ஸ்-ஐ டேய்சி, லூக்காந்தெமம் வல்காரே. முழங்கால் உயரம் வளரும். பூ 4, 5 சென்டிமீட்டர் அகலம். தண்டு நெடுகிலும் இலை இருக்கும், ஓரத்தில் பல் பல்லாக, அடிப்பாகம் தண்டைக் கட்டிப் பிடித்த மாதிரி. பள்ளத்தாக்கில் வைக்கோலுக்காக விடுகிற புல்வெளிகளில் ஜூன் மாதம் வெள்ளை வெளேர் என்று நிற்பது இதுதான். பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏற ஏற இது குறைந்துகொண்டே போகும். இதற்கு மலையில் வாழும் நெருங்கிய சொந்தங்களும் உண்டு, ஆனால் அவற்றுக்கும் தண்டில் பல்லுள்ள இலை இருக்கும்.

மூன்றாவதுதான் என்னை ஏமாற்றியது. பெல்லிடியாஸ்ட்ரம் மிக்கேலி. முதல் வருஷம் காண்டர்ஸ்டெக் ஊருக்கு மேலே ஊஷினென் ஏரிக்குப் போயிருந்தோம், 1,578 மீட்டர். சுண்ணாம்புப் பாறை, பாறையிலிருந்து தண்ணீர் கசிகிற ஈரச் சரிவு. அங்கே ஒரு டேய்சி. தண்டில் இலை இல்லை, அடியில் ரோஜா வடிவ இலை. "பெல்லிஸ்தான், மலைக்காற்றில் கொஞ்சம் பெருத்துவிட்டது" என்று மகனிடம் பெரிய மனுஷன் தோரணையில் சொல்லிவிட்டு நடந்தேன். நூறு அடி போன பிறகு மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து மண்டியிட்டு, நகைக்கடையில் கல் பார்க்க வைத்திருப்பார்களே பத்து மடங்கு லென்ஸ், அதை எடுத்தேன். உதிரத் தொடங்கியிருந்த ஒரு தலையிலிருந்து வட்டுப்பூ ஒன்றை ஊசியால் நெம்பி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், குழாயைச் சுற்றிப் பட்டு நூல் மாதிரி வெள்ளை மயிர் ஒரு வட்டம். பாப்பஸ் என்று சொல்வது அதைத்தான், விதை காற்றில் பறக்க உதவும் குடை. வெட்டுக்காயப்பூண்டு காய்ந்ததும் ஊதிப் பறக்க விட்டிருப்பீர்களே, அதே குடை. பெல்லிஸுக்கு அந்தக் குடை கிடையவே கிடையாது. அப்புறம் தண்டைத் தடவிப் பார்த்தேன், நீளமாக, மயிர் படர்ந்து இருந்தது. சின்ன டேய்சிக்கு அவ்வளவு உயரத் தண்டும் வராது. மகன் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தான், அவ்வளவுதான்.

இந்தச் செடியின் பெயரில் இருக்கிற மிக்கேலி செடிகளை ஆராய்ந்த ஒரு இத்தாலிக்காரர், பியெர் அந்தோனியோ மிக்கேலி, 1679-ல் பிறந்து 1737-ல் இறந்தவர். லின்னேயஸ் இவருடைய பெயரை இன்னொரு மரத்துக்கும் வைத்தார்: மிக்கேலியா. நம் செண்பக மரம் ரொம்ப நாளாக மிக்கேலியா சம்பகா என்றுதான் அழைக்கப்பட்டது, இப்போதுதான் மக்னோலியாவோடு சேர்த்துவிட்டார்கள். கோயில் செண்பகமும் ஆல்ப்ஸ் ஈரச்சரிவு டேய்சியும் ஒரே ஆளின் பெயரைச் சுமந்தவை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பூவின் பெயர் எனக்கு மறப்பதே இல்லை.

நாலாவது உங்கள் ஆள். பெயரைப் பிரித்தால் 'லூக்காந்தெமம் மாதிரி இருப்பது' என்று அர்த்தம், அந்தச் சொல்லுக்கே வெள்ளைப் பூ என்று பொருள். உயரம் பெரும்பாலும் 5-லிருந்து 15 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குள். ஒரு தண்டுக்கு ஒரு பூ. அடியிலைதான் இதன் கையெழுத்து: சின்னதாக, காம்போடு, சீப்பு மாதிரி வெட்டு வெட்டாக இருக்கும். எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் கேமரன் மலையில் ஸ்டீம்போட் சாப்பிட உட்காரும்போது தட்டில் வைக்கிற தோங் ஹோ கீரையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இலையை ஒரு கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி, கொஞ்சம் சாம்பல் பூசினால் ஏறக்குறைய இதுதான். தண்டில் மேலே போகப் போக இலை குறைந்து, ஒன்றிரண்டு சின்ன நூல் இலைதான் மிஞ்சும்.

இப்போது பூவைத் திருப்புங்கள். ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகச் செதில்கள், ஒவ்வொன்றுக்கும் கண்மை தீட்டியதுபோல் கறுப்பு அல்லது கரும்பழுப்பு விளிம்பு. உங்கள் மூன்றாவது படத்தில் தெரிகிற கறுப்புக் கோடு அதுதான். பெல்லிஸிலும் பெல்லிடியாஸ்ட்ரத்திலும் செதில்கள் பச்சையாக, ஏறத்தாழ ஒரே நீளத்தில், வரிசையாக நிற்கும், கறுப்பு விளிம்பு இருக்காது. ஆக அந்த ஒரு கோடே இரண்டு பேரை வெளியே அனுப்பிவிட்டது. ஆனால் ஆக்ஸ்-ஐ டேய்சிக்கும் இந்தக் கருவிளிம்பு உண்டு, அதனால் செதிலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அங்கேதான் சீப்பு இலையும் சாண் உயரமும் வந்து நின்றன. 

இதழ் எண்ணிக்கையை எண்ணி அனுப்பியிருந்தீர்கள், பாவம், மெனக்கெட்டிருக்கிறீர்கள். அதில் பயன் இல்லை. ஒரே செடியில் ஒரு பூவுக்கும் இன்னொரு பூவுக்கும் எண்ணிக்கை மாறும். நிறத்தையும் ரொம்ப நம்பாதீர்கள். இந்தப் பூ முதிர்ந்ததும் வெள்ளை மாறி இளஞ்சிவப்பு ஏறும். அதைப் பார்த்துவிட்டு வேறு இனம் என்று தனியாகப் படம் எடுத்து வைத்திருப்பவர்கள் உண்டு.

இடமும் ஒரு சாட்சிதான், சில நேரம் பூவைவிட நல்ல சாட்சி. ரோட்டன்போடன் 2,815 மீட்டர், ரிஃபல்பெர்க் 2,582 மீட்டர். நீங்கள் நடந்த பாதை முழுதும் தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த குனோங் தாஹானைவிட உயரம், அது 2,187 மீட்டர்தான். அங்கே மரம் கிடையாது. மரம் நின்றுபோகும் கோட்டுக்கு மேலே வருவதுதான் உண்மையான ஆல்பைன் புல்தரை. ஆல்ப் என்ற சொல்லே அந்த ஊர்க்காரர்களுக்குக் கோடையில் மாட்டை ஓட்டிக்கொண்டு போகும் மேட்டு மேய்ச்சல் நிலத்தைக் குறிப்பது, மலையைக் குறிக்க நாம் பிறகு எடுத்துக்கொண்டோம். அவ்வளவு உயரத்தில் வீட்டுப் புல்தரை டேய்சி வந்து நிற்பது கஷ்டம். பெரும்பாலும் அது 2,000 மீட்டருக்குக் கீழேதான்.

நீங்களே ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள்: "பக்கத்தில் அழுக்குப் பனி கொஞ்சம் கரையாமல் கிடந்தது, தரை ஈரமாகச் சரளைக் கல்லாக இருந்தது." இந்த ஒரு வரியை ஆப்பிடம் சொல்ல முடியாது, என்னிடம் சொன்னீர்கள். பனி கடைசியாக உருகும் பள்ளங்களிலும் சரளைச் சரிவிலும் வாழ்கிற செடி இது. அதோடு சுண்ணாம்பு இல்லாத, புளிப்பான மண்ணை விரும்புவது. பெல்லிடியாஸ்ட்ரம் நேர்மாறு, சுண்ணாம்பும் ஈரமும் கேட்கும். தோட்டத்தில் மண்ணுக்குச் சுண்ணாம்பு போடுவதற்கு முன் புளிப்புப் பார்க்கிறோமே, அங்கே செடியே அந்த வேலையைச் செய்கிறது. கல்லைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்க்கலாம், சுண்ணாம்புக் கல் என்றால் நுரைக்கும். ஆனால் அமிலப் புட்டியோடு விமானத்தில் ஏற விடமாட்டார்கள்.

இனி அம்மா. கேமரன் மலைப் பூக்கடைகளில் கட்டுக் கட்டாக விற்பது கிரிசாந்திமம், சீனாவிலும் ஜப்பானிலும் நூற்றாண்டுகளாக வளர்த்துக் கலந்து உருவாக்கியது. அதில் ஒற்றை அடுக்கு வெள்ளை ரகம் ஒன்று உண்டு, மஞ்சள் நடுவோடு அச்சு அசலாக டேய்சி. ஒரு தண்டில் கொத்தாகப் பல பூ வரும், இலை அகலமாக, கசக்கினால் கிரிசாந்திமம் டீ பொட்டலத்தின் அதே வாசனை வரும். அதனால் உங்கள் படத்தில் இருப்பது அது இல்லை. ஆனால் டேய்சிக் குடும்பத்துக்குள் இரண்டும் ஒரே கிளை. மாலை கட்டுகிற செவ்வந்தி, தோங் ஹோ, மரிக்கொழுந்து, மாசிப்பச்சை எல்லாம் அதே கிளைதான். ஆப் சொன்ன ஆக்ஸ்-ஐ டேய்சியும் அந்தக் கிளையே. ஆனால் இன்னொரு ஆப் சொன்ன பெல்லிஸ் வேறு கிளை, கொஞ்சம் தூரத்துச் சொந்தம். ஆக மரிக்கொழுந்துக்கும் ஸெர்மாட்டின் மாட்டர்ஹார்ன் மலை அடிவாரப் பூவுக்கும் உறவு சொன்ன அம்மா, ஒரு ஆப்பைவிடக் கிட்டே வந்திருக்கிறார். இதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

வாசலில் வளர்க்கும் எண்ணத்தை விட்டுவிடலாம். நம்மூரில் ராத்திரியில்கூட 23, 24 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இந்தச் செடி வருஷத்தில் பாதிக்கு மேல் பனிப் போர்வைக்குள் தூங்கும். பனிக்கு மேலே காற்று எவ்வளவு உறைந்தாலும் போர்வைக்கு அடியில் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும், அது செடிக்குக் குளிர் காப்பு. பிறகு கிடைக்கிற இரண்டு மூன்று மாதத்துக்குள் இலை விட்டு, பூத்து, விதைத்து முடித்தாக வேண்டும். தூக்கமே கொடுக்காத சூட்டில் வைத்தால் அழுகிப்போகும். கேமரன் மலையின் தானா ராத்தாவிலும் நடக்காது, அங்கே குளிர் உண்டே தவிர குளிர்காலம் கிடையாது. இன்னொன்று, மண்ணோடு செடியோ விதையோ பையில் போட்டுக்கொண்டு வந்தால் தாவரத் தடைக்காப்புச் சட்டம் 1976 என்று ஒன்று இருக்கிறது, இறக்குமதிப் பெர்மிட் இல்லாமல் கொண்டுவர முடியாது. தோட்டத்தில் வேலை செய்தவனாகச் சொல்கிறேன், அந்தச் சட்டம் இருப்பது நல்லதுக்கு. நம் காட்டில் மூச்சடைக்க வைக்கிற களைகளில் மைக்கேனியா உள்பட பாதி, எங்கிருந்தோ வந்து இறங்கியவைதான். வாசலுக்கு டேய்சி வேண்டுமென்றால் உலாம் ராஜா போடுங்கள். பூ இளஞ்சிவப்பு, இலை சோற்றுக்கு.

இதே கேள்வியோடு வேறு மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நியூசிலாந்து போனால் மலை டேய்சி என்று அங்குள்ளவர்கள் சொல்வது முற்றிலும் வேறு செடி, செல்மிசியா. மாவோரிகள் திக்குமு என்பார்கள். கத்தி மாதிரி நீண்ட இலை, அடிப்பக்கம் வெள்ளைக் கம்பளி ஒட்டியதுபோல் இருக்கும். அந்த இலையை மழை தாங்கும் மேலாடைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்குப் பக்கம் போனால் ஊதா டேய்சிகள்தான் அதிகம் கண்ணில் படும், ஆஸ்டரும் எரிஜெரானும். அங்கே நான் சொன்ன வெள்ளைக் கணக்கு உதவாது.

அடுத்த முறை படம் எடுக்கும்போது இப்படிச் செய்யுங்கள். மேலிருந்து ஒன்று போதும். பிறகு முட்டி போட்டுப் பக்கவாட்டில் ஒன்று. பூவைப் பறிக்காமல் விரலால் மெல்ல மடக்கி, முதுகு தெரிய ஒன்று, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அடியிலைக்குத் தனியாக ஒன்று, புல்லை ஒதுக்கிவிட்டு எடுக்க வேண்டும். தண்டின் நடுப்பகுதி ஒன்று, இலை இருக்கிறதா இல்லையா என்பதற்கு. பக்கத்தில் 20 சென் காசு வையுங்கள், அது ஏறக்குறைய 2 சென்டிமீட்டர், அளவு தானாகத் தெரிந்துவிடும். கடைசியாகச் சுற்றுப்புறம் ஒன்று, புல்லா சரளையா பாறை இடுக்கா என்று. சுவிட்சர்லாந்தில் பல செடிகள் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன, பறிப்பது நல்லதில்லை. பறிக்கவும் தேவையில்லை.

நாலாவது படத்தின் ஓரத்தில் ஒரு ஊதாப் பூ பாதி தெரிகிறது, அதையும் கேட்டிருந்தீர்கள். அது ஆஸ்டர் அல்பினஸாக இருக்கலாம், எரிஜெரானாகவும் இருக்கலாம். ஆஸ்டர் என்றால் கதிர்கள் அகலமாக, ஒரே வரிசையில், எண்ணிவிடலாம் போல் இருக்கும். எரிஜெரான் என்றால் மயிர் நறுக்கிய மாதிரி மெல்லிசாக, நெருக்கமாக, பல வரிசையில் இருக்கும். பாதிப் பூவை வைத்து அதைச் சொல்ல மாட்டேன், ஊஷினென் ஏரியில் பட்ட அடி போதும். உங்கள் நண்பர்கள் போனில் அதே இடத்தில் எடுத்த படம் ஏதாவது இருந்தால் கேட்டு அனுப்புங்கள். பக்கவாட்டில் எடுத்ததாக இருக்கட்டும்.